டைனோ தாளில் பார்க்க வேண்டிய கோடு

கோவை செட்டிபாளையத்தில் ஒரு பந்தயத் தடம், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இன்னொன்று. அங்கே ஓடுவதற்காக இன்ஜினை மாற்றியமைத்த கார், முதலில் ஏறுவது டைனோ மீதுதான். சக்கரங்களை உருளைகள் மேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிட்டுத் திறனை அளக்கும் கருவி அது.

ஓட்டம் முடிந்ததும் ஒரு தாள் வரும். எல்லோர் கண்ணும் குதிரைத்திறன் எண்ணுக்குத்தான் போகும். உடனே வாட்ஸ்அப்பில் படமும் போய்விடும். என்னைக் கேட்டால், அதற்குக் கீழே ஓடும் காற்று-பெட்ரோல் விகிதக் கோட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். நிதானமாக ஓடும்போது இது சரி. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது, டர்போ இல்லாத இன்ஜினுக்கு 12.5, 13 என்ற அளவில்தான் நல்ல திறன் கிடைக்கும். கூடுதலாகப் போகும் பெட்ரோல் ஆவியாகி உள்ளே குளிர்ச்சியும் தருகிறது.

புது ஏர் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், வேறு கேம் எல்லாம் போட்டால் காற்று தாராளமாக உள்ளே போகும். பெட்ரோல் கணக்கோ பல வண்டிகளில் பழையபடியே நிற்கும். 5000 சுற்றில் 12.5 வேண்டிய இடத்தில் தாள் 13.5 காட்டுகிறது என்று வையுங்கள். 13.5ஐ 12.5ஆல் வகுத்தால் 1.08. இன்ஜினை இயக்கும் கணினியான இசியுவின் பெட்ரோல் அட்டவணையில், அந்தச் சுற்றுக்கான கட்டங்களில் மட்டும் பெட்ரோலை 8 சதவீதம் ஏற்ற வேண்டும். மற்ற கட்டங்களைத் தொடக்கூடாது. பிறகு மறுபடி டைனோ. பழைய கார்புரேட்டர் வண்டியானால் ஜெட்டைக் கழற்றி மாற்றுவார்கள். இப்படிக் கட்டம் கட்டமாகத் திருத்த அதில் வழியில்லை.

"லீனா இருந்தா மைலேஜ் கிடைக்குமே" என்பார்கள். லீன் என்றால் காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லாத கலவை. முழுப் பாரத்தில் அப்படி ஓடினால், கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் வரும். பிஸ்டன் தலையில் ஓட்டையே விழலாம். அதற்காக அளவில்லாமல் ஊற்றினாலும் ஆபத்துதான். கரும்புகை வரும், பிளக் கரி பிடிக்கும், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைப் பெட்ரோல் கழுவிவிடும்.

எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். எத்தனாலுக்கு ஒன்பது பங்கு காற்றே போதும். ஆகவே, சுத்தப் பெட்ரோலுக்குத் திருத்திய வண்டியில் 20 சதவீதக் கலவையை நிரப்பினால், முழு மிதியில் அது லீன் பக்கம் சாய்ந்துவிடும். எந்த பங்க் பெட்ரோலை ஊற்றப் போகிறீர்களோ, அதை ஊற்றியே டைனோவில் ஏற்றச் சொல்லுங்கள்.

இதெல்லாம் பந்தயத் தடத்து வண்டிக்கு. சாலையில் ஓடும் காரைத் தயாரிப்பாளரின் அளவுகளை மீறி மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் இடம் தராது.

டைனோவுக்குப் பணம் கட்டும் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். திருத்தத்துக்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டு தாள்களையும், விகிதக் கோட்டோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கோடு இல்லாத தாளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.