ஏடும் தட்டும்

(முன்னாள் மாணவர் மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் ஏதாவது உபயோகமா பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். எனக்கு முன்னால் பேசியவர்கள் நாட்டு முன்னேற்றத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் வீடியோ கேம் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. சுற்றிச் சுற்றி விஷயம் நம்ம பேட்ச்சில்தான் வந்து முடியும்.

நான் 2006-இல் சேர்ந்து 2010-இல் வெளியே போனவன். கரந்தையில் வீடு. 2008 தீபாவளிக்கு சிங்கப்பூர் மாமா ஒரு எக்ஸ்பாக்ஸ் 360 வாங்கி வந்தார். சனிக்கிழமை ஆனால் ஹாஸ்டல் பசங்க பாதிப்பேர் எங்க வீட்டுக் கூடத்தில்தான் இருப்பார்கள். அம்மா உப்புமா கிண்டியே ஓய்ந்து போவார். ஒருநாள் ஆட்டம் நடக்கும்போதே, இடம் போதவில்லை என்று பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்தேன். உள்ளே தட்டு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. "கர்ர்" என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் கோயில் பிரகாரம் மாதிரி வட்டமாக ஒரு கோடு. தப்பு முழுக்க என்னுடையது. பற்பசை தேய்த்தோம், வாழைப்பழம் தேய்த்தோம். பிழைக்கவில்லை.

ஏன் பிழைக்கவில்லை? தட்டில் தகவல் சுருள் சுருளாகப் பதிந்திருக்கிறது. நடுவிலிருந்து விளிம்புக்குக் குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளியூண்டைத்தான் கெடுக்கும். பிழை திருத்தும் கணக்கு அதை நிரப்பிவிடும். வட்டக் கீறல் அப்படியில்லை, தொடர்ச்சியாக ஒரு நீளத்தையே அழித்துவிடும். ஓலைச்சுவடியில் பூச்சி ஓர் எழுத்தை அரித்தால் புலவர் சீரையும் பொருளையும் பார்த்து ஊகித்துவிடுவார். ஒரு வரியே ஒடிந்து விழுந்தால் அவர் என்ன செய்வார்? அதே கதைதான். அதனால் தட்டைத் துடைக்கும்போது மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

இன்னொன்று. சிடியில் பளபளக்கும் பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்தி வைப்போம். உண்மையில் தகவல் இருப்பது மேலே, பெயர் அச்சடித்த பக்கத்துக்கு ஒட்டினாற்போல. கீழே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது, மேலே ஒரு பூச்சு மட்டும்தான். அங்கே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் போச்சு. டிவிடியில் தகவல் நடுவில் இருக்கும். புளூ ரேயிலோ கீழ்ப்பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான். அதனால்தான் அதற்குக் கெட்டிப் பூச்சு கொடுத்தார்கள்.

நல்ல வேளையாக 2008 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு ஒரு புதிய மென்பொருள் வந்தது. முழு ஆட்டத்தையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொள்ளலாம். உரிமையைச் சரிபார்க்கத் தட்டு உள்ளே இருந்தாக வேண்டும், ஆனால் ஓயாமல் சுற்ற வேண்டியதில்லை. சத்தம் அடங்கியது, ஆட்டமும் சீக்கிரம் ஏறியது. மின்வெட்டுக் காலத்தில் ஒவ்வொரு நிமிஷமும் காசு அல்லவா! அன்று நான் கற்ற பாடம் இதுதான்: நகல் புழங்குவதற்கு, மூலம் காப்பாற்றுவதற்கு.

இது நம்ம ஊருக்குப் புதுசா? அரண்மனைக்குள் இருக்கும் சரஸ்வதி மகாலைப் பாருங்கள். நாயக்கர் காலத்தில் தொடங்கி, இரண்டாம் சரபோஜி மன்னர் வளர்த்து, 1918-இல் பொதுமக்களுக்குத் திறந்த நூலகம். ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, மரச்சட்டம் வைத்துக் கட்டி, துணியில் சுற்றி வைப்பது ஒரு வேலை. புது ஓலையில் பெயர்த்தெழுதுவது இன்னொரு வேலை. பின்னால் மைக்ரோ பிலிம் வந்தது, கணினி வந்தது. கருவிதான் மாறியது, வேலை அதேதான்.

இப்போ நம்ம பேட்ச். 2010 மார்ச்சில் ஹாஸ்டல் விழாவில் பாடிய பாட்டுகளைப் பதிவுசெய்து, ஆளுக்கொரு சிடி போட்டுக் கொடுத்தோம். அதில் முக்கால்வாசி பாட்டு நம்ம பட்டுக்கோட்டைக்காரன் பாடியது. நடுவில் மெஸ் சாம்பாரைப் பற்றி அவன் ஒரு பிரசங்கமே செய்திருப்பான். 2016-இல் சாலை விபத்தில் அவன் போய்விட்டான். மறு வருஷம் அவன் அம்மா போன் செய்தார். "தம்பி, அவன் குரல் இருக்குற தட்டு யார்கிட்டயாவது இருக்காப்பா?"

எல்லோரையும் கேட்டோம். பாதிப்பேரிடம் தட்டு இல்லை. இருந்தவர்களிடம் அது பாடவில்லை. கடையில் விற்கும் ஆட்டத் தட்டு அச்சில் வார்த்தது. நாம் வீட்டில் எழுதும் தட்டோ சாயத்தில் எழுதுவது. வெயிலிலும் சூட்டிலும் அந்தச் சாயம் வெளுத்துப்போகும். என்னுடையது ஏழு வருஷம் ஜன்னல் ஓரத்தில் கிடந்தது. பொறியாளன் என்று பேர்!

இரண்டு நாள் கழித்து ராத்திரி திடீரென்று நினைவு வந்தது. அந்த சிடியை எக்ஸ்பாக்ஸ் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றியிருந்தேன், ஆட்டத்துக்கு நடுவே கேட்பதற்காக. பரணில் ஏறிப் பெட்டியை இறக்கித் தூசி தட்டிப் போட்டேன். ஓடியது! கோப்பாக வெளியே எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. ஒலி வெளிவரும் கம்பியைக் கணினியில் சொருகி, முழுவதையும் ஓடவிட்டுப் பதிவு செய்தேன். ஓலையைப் பார்த்துப் பெயர்த்தெழுதுவது போலத்தான். பட்டுக்கோட்டைக்கு எடுத்துப் போனேன். மூன்றாவது பாட்டில் அம்மா நிறுத்தச் சொன்னார். "மீதிய அப்புறமா கேட்டுக்கிறேன் தம்பி" என்றார்.

கதை முடியவில்லை. 2018 நவம்பர் 16, கஜா புயல். அந்த வீட்டு ஓடு பறந்தது, கணினி நனைந்து போனது. நல்லவேளை, இன்னொரு நகல் சென்னையில் அவன் தங்கையிடம் இருந்தது. ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் நிற்கும், கீழே விழுந்தால் அன்றே நிற்கும். அதனால் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். இதை டெல்டாக்காரனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் ஐயா இரண்டு கிலோ விதை கொடுத்து, அறுத்ததும் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். விதைநெல்லை ஒரே குதிரில் வைத்தால் ஒரே வெள்ளத்தில் போகும். பல கைகளில் இருந்தால் பிழைக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நாளை காலை ஒன்பது மணி முதல் நம்ம ஆய்வகத்தில் நானும் இரண்டு நண்பர்களும் தட்டு வாசிக்கும் கருவியோடு உட்கார்ந்திருப்போம். கல்யாண சிடி, விழா சிடி, அப்பா பேசிய கேசட் எதுவானாலும் கொண்டு வாருங்கள். படியெடுத்துத் தருகிறோம். மூலத்தைப் பத்திரமாகத் திருப்பித் தருவோம், தூக்கி எறியாதீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்குள் வந்துவிடுங்கள். எங்களுக்கும் பசிக்கும்.