மாவு எழும்பும் வரை



பொங்கலின் பொருள் என்ன என்று கேட்கும் குழந்தைக்கு நாம் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. பானையருகே நிறுத்திப் பால் பொங்குவதைப் பார்க்கச் செய்கிறோம். கிறிஸ்தவர்களின் ஈஸ்டர் என்னும் உயிர்ப்புத் திருநாளையும் அவ்வாறே அடுப்படியில் கற்பிக்க இயலும். இதை நான் கேளம்பாக்கத்தில் என் அண்ணன் வீட்டில் கண்டேன். அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

கேளம்பாக்கம் என்றவுடன் உப்பளம் நினைவுக்கு வந்த காலம் ஒன்று உண்டு. இன்று அங்கே அடுக்கு மாடிகள் எழுந்துள்ளன. கிழக்கே உப்பங்கழியைக் கடந்து சென்றால் கோவளம். அங்கே மீனவர் குடியிருப்பின் நடுவே 1808-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற கார்மேல் மாதா கோயில் நிற்கிறது. அண்ணன் குடும்பத்தார் திருநாள்களில் அங்குதான் செல்வார்கள்.

நான் சொல்லும் ஈஸ்டருக்கு ஆறு வாரங்களுக்கு முன் எங்கள் தந்தையார் காலமானார். பேரப்பிள்ளைகள் இருவர், பெண்ணுக்குப் பத்து வயது, பையனுக்கு ஆறு. அவனுக்குத் தாத்தாதான் உலகம்.

அண்ணியார் கோட்டயத்தில் பிறந்தவர். கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவில் பெசகா அப்பம் செய்வது வழக்கம். அரிசி மாவும் உளுந்தும் சேர்த்து, புளிக்க விடாமல் ஆவியில் வேகவைப்பார்கள். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் பெற்ற ஓலையால் சிலுவை செய்து அதன் மேல் வைப்பார்கள். குடும்பத் தலைவர் அதைப் பிட்டு, மூத்தவர் முதல் இளையவர் வரை முறையாக அளிப்பார். தேங்காய்ப்பாலில் வெல்லம் சேர்த்துக் காய்ச்சிய பாலோடு அதை உண்பார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு எகிப்தை விட்டு விரைந்து புறப்பட்ட யூத மக்களுக்கு மாவு புளிக்கும் வரை காத்திருக்க நேரமில்லை. அந்த இரவின் நினைவே பாஸ்கா விழா; புளியாத அப்பம் அதன் அடையாளம்.

இவ்வழக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. இறப்பு நேர்ந்த வீட்டில் அவ்வாண்டு பெசகா அப்பம் செய்வதில்லை; அயலார் தங்கள் வீட்டில் செய்ததைக் கொணர்ந்து கொடுப்பார்கள். அவ்வாண்டு எங்கள் அடுப்பும் அன்றிரவு எரியவில்லை. எதிர்வீட்டு மலையாளக் குடும்பத்தார் ஒரு தட்டில் அப்பம் கொண்டு வந்தார்கள். "நம் வீட்டில் ஏன் செய்யவில்லை?" என்று பையன் கேட்டான். "நாம் துக்கத்தில் இருக்கிறோம், அதனால் அவர்கள் நமக்காகச் செய்திருக்கிறார்கள்" என்றார் அண்ணியார். அவன் பேசாமல் உண்டான்.

சனிக்கிழமை மாலை அண்ணியார் பிள்ளைகளை அழைத்தார். "நாளை உயிர்ப்புத் திருநாள். இன்று நாம் ரொட்டி சுடுவோம்" என்றார். அரை கிலோ கோதுமை மாவு, 10 கிராம் உப்பு, சிறிது சர்க்கரை, ஒரு கரண்டி ஈஸ்ட், வெதுவெதுப்பான நீர் ஆகியவற்றை எடுத்து வைத்தார். பெண் அளந்து கொட்டினாள், பையன் பிசைந்தான்.

ஈஸ்ட் என்பது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர். அது மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகிறது. கோதுமையின் பசைத்தன்மை அவ்வாயுவைக் குமிழிகளாகத் தேக்கி வைக்கிறது. அதனால் மாவு எழும்புகிறது. புளித்தல் என்பது உயிர்களின் செயலே என்பதை 1857-ஆம் ஆண்டு முதல் செய்த ஆய்வுகளால் லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு அறிஞர் நிலைநாட்டினார். உப்பும் சுவைக்காக மட்டும் சேர்ப்பதன்று. அது புளிப்பின் வேகத்தை மட்டுப்படுத்தி, மாவு நிதானமாக எழும்பச் செய்கிறது.

பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி வைத்தார்கள். பையனுக்குப் பொறுமை இல்லை. மூன்று முறை துணியை நீக்கிப் பார்த்தான். மூன்றாம் முறை மாவு சற்றே உப்பியிருந்தது. அவன் என் பக்கம் திரும்பி, "சித்தப்பா, தாத்தாவும் நாளைக்கு எழுந்து வருவாரா?" என்று கேட்டான்.

எனக்கு நா எழவில்லை. அண்ணியார்தான் அவனை அருகில் அழைத்தார். "நாளைக்கு வரமாட்டார் கண்ணே. ஒரு நாள் அவரைக் காண்போம் என்று நம்புகிறோம். அதற்காகக் காத்திருக்கிறோம்" என்றார்.

"இந்த மாவைப் போலவா?"

"மாவு ஒரு மணி நேரத்தில் எழும்பிவிடும். அது எப்போது என்று அம்மாவுக்குத் தெரியாது."

அந்த விடையின் நேர்மையை நான் இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். எழும்பும் மாவைக் காட்டி, 'இதோ உயிர்ப்பு' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மாவு எழும்புவது இயற்கையின் செயல். உயிர்ப்பு என்பது நம்பிக்கை. முன்னது பின்னதற்கு உவமையாகலாம், சான்றாகாது. இவ்வேறுபாட்டை மறைத்தால் குழந்தை மறுநாள் வாசலைப் பார்த்து ஏமாந்து நிற்கும். ரொட்டி சுடுவது கற்பிப்பது வேறொன்று. மூடி வைத்ததை அடிக்கடி திறக்காமல் காத்திருக்கும் மனத்தையும், ஆனதைப் பங்கிடும் கையையும் அது பழக்குகிறது.

நற்செய்தி நூல்களிலும் உயிர்ப்பின் செய்தி உணவோடு இணைந்தே வருகிறது. எம்மாவு என்னும் ஊருக்கு உடன் நடந்தவரை இன்னாரென்று அறியாத சீடர் இருவர், அவர் அப்பத்தைப் பிட்டபோது அறிந்துகொண்டனர் என்கிறது லூக்கா நற்செய்தி. இரவெல்லாம் வலைவீசி விடியலில் கரை திரும்பிய சீடர்களுக்காக, கரிநெருப்பில் மீனும் அதனோடு அப்பமும் வைத்து இயேசுநாதர் உண்ண அழைத்தார் என்கிறது யோவான் நற்செய்தி. கோவளத்துப் பிள்ளைக்கு இக்காட்சியை விளக்கவும் வேண்டுமோ?

அன்றிரவு பன்னிரண்டு சிறு ரொட்டிகள் சுட்டார்கள். ஞாயிறு காலை கோயிலிலிருந்து திரும்பியதும் பெண் அவற்றைப் பங்கிட்டாள். எதிர்வீட்டுக்கு நான்கு சென்றன. பின்னர்ப் பழக்கத்தால் தாத்தாவுக்கும் ஒன்றை எடுத்து வைத்துவிட்டாள். வைத்த கை அப்படியே நின்றது.

தெருமுனைத் தேநீர்க் கடையில் ஒரு முதியவர் உண்டு. உப்பளத்தில் உழைத்து ஓய்ந்தவர்; இந்து சமயத்தினர். என் தந்தையாரோடு நாள்தோறும் மாலையில் அமர்ந்து பேசுவார். இறுதி ஊர்வலத்திற்குப் பின் எங்களில் எவரும் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. அண்ணியார் அந்த ரொட்டியைத் தாளில் சுற்றிப் பையன் கையில் கொடுத்தார். நானும் உடன் சென்றேன்.

முதியவர் ரொட்டியை வாங்கி இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைப் பையனிடமே நீட்டினார். "உன் தாத்தா எது வாங்கினாலும் எனக்குப் பாதி கொடுப்பார் தம்பி" என்றார். இருவரும் அந்தப் பலகையில் அமர்ந்து தின்றார்கள். பையன் தாத்தாவைப் பற்றி அவரிடம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். ஆறு வாரங்களாக வீட்டில் யாரிடமும் கேளாத கேள்விகள் அவை.

வீடு திரும்பியதும் அவன் தாயிடம், "அடுத்த பெரிய வியாழனுக்கு நாம் அப்பம் செய்யலாமா?" என்று கேட்டான்.

"செய்யலாம். அதற்குள் ஓராண்டு நிறைந்துவிடும். அவ்வாண்டு எவர் வீட்டில் துக்கமோ, அவர்களுக்கு நீதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்" என்றார் அண்ணியார்.