பூசான் நகரில் ஒரு நாள்



குடும்பத்தோடு வெளிநாடு போய் வருவது ஒரு காலத்தில் துரைமார் வீட்டுச் சமாச்சாரமாக இருந்தது. இப்போது பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, தீபாவளி விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கிளம்பிவிடுகிறோம். கிளம்புவது எளிது. ஆறு வயதுப் பிள்ளையையும் எழுபதைத் தாண்டியவரையும் ஒரே நாளில், ஒரே வேகத்தில் நடத்திச் செல்வதுதான் பெரும்பாடு. தென்கொரியாவின் பூசான் நகரில் எங்கள் குடும்பத்தார் பதினொரு பேர் கழித்த ஒரு நாளைப் பற்றி இன்று உங்களோடு பேசலாமென்று நினைக்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர் என் அக்கா. வயது 72. பால்மரம் வெட்டி என்னைப் படிக்கவைத்தவர். அதுவரை விமானம் ஏறியதில்லை. அவரை எங்கேயாவது அழைத்துப் போக வேண்டுமென்பது என் பலநாள் கடன். அந்த ஆசையில்தான், ஒரே நாளில் நான்கு இடங்கள் என்று திட்டம் போட்டுவிட்டேன். அது என் தவறு, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

காலையில் விடுதி வாசலில் அனைவரையும் வரிசையாக நிறுத்தி எண்ணினேன். "என்ன தம்பி, பெரட்டு எடுக்கிறியா?" என்று அக்கா சிரித்தார். ஆமாம் என்றேன். விடுதியின் பெயரும் முகவரியும் கொரிய எழுத்தில் அச்சிட்ட சீட்டை ஆளுக்கொன்று கொடுத்தேன். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்றும் சொன்னேன்.

ஏழு மணிக்கெல்லாம் கடலோரப் பாறைகளின் மேல் இருக்கும் யோங்குங்சா என்ற புத்தர் கோயில். 1376இல் தோன்றிய கோயில் என்கிறார்கள். 108 படிகள். இறங்கும்போது தெரியாத தூரம் ஏறும்போது தெரிந்தது. அரை மணி நேரத்தில் அக்காவுக்கு முழங்கால் வலி தொடங்கிவிட்டது. அப்போதே ஓர் இடத்தைக் குறைத்திருக்க வேண்டும். குறைக்கவில்லை.

அங்கிருந்து ஹேஉண்டே வந்து சுரங்க ரயில் ஏறினோம். கொரிய எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பூசான் ரயிலில் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் எண் உண்டு. ஹேஉண்டே 203. பச்சை நிறப் பாதையில் 219 வரை போய், அங்கே ஆரஞ்சு நிறப் பாதைக்கு மாறி, 111இல் இறங்கினால் நம்போ. பெயரை மறந்தாலும் எண்ணை மறக்க மாட்டார்கள். சிறுவர்கள் ஒவ்வொரு நிலையத்திலும் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

நம்போவில் இறங்கினால் யோங்டோ பாலம். பார்வைக்குச் சாதாரணப் பாலந்தான். அதன் கதை அப்படியல்ல. 1934இல் திறக்கப்பட்ட பாலம் இது. கப்பல் போவதற்காக அதன் ஒரு பகுதி மேலே எழும்பும். 1966இல் எழும்புவது நின்றுபோய், புதுப்பித்த பிறகு 2013இல் மறுபடியும் எழும்பத் தொடங்கியது. 1950 ஜூன் 25இல் கொரியப் போர் மூண்டபோது, வடக்கேயிருந்து மக்கள் இலட்சக்கணக்கில் தெற்கே ஓடிவந்தார்கள். போர்க்காலத்தின் பெரும்பகுதியில் பூசான்தான் தற்காலிகத் தலைநகரம். ஓட்டத்தில் கணவனும் மனைவியும், தாயும் பிள்ளையும் பிரிந்துபோனார்கள். தென்கோடியில் எல்லாருக்கும் தெரிந்த அடையாளம் இந்தப் பாலம் ஒன்றுதான். "பிரிந்துவிட்டால் யோங்டோ பாலத்தில் பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டு ஓடினார்களாம். நாள்கணக்கில் பாலத்தடியில் காத்திருந்தார்கள். போனவர் வருவாரா என்று கேட்கக் குறி சொல்பவர்களிடம் கூட்டம் சேர்ந்து, பாலத்தடியில் குறிசொல்லும் கடைகளே வரிசையாக முளைத்தன.

வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். போர் 1953இல் ஓய்ந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1983 ஜூன் 30இல், கேபிஎஸ் ஒலிபரப்பு நிலையம் பிரிந்த குடும்பங்களைத் தேடும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஒரே இரவுக்கென்று தொடங்கியது நவம்பர் 14 வரை நீண்டது. மொத்தம் 453 மணி 45 நிமிடம்! பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. நிலையத்தின் சுவரெல்லாம் பெயர் எழுதிய தாள்கள். அந்தப் பதிவுகளை யுனெஸ்கோ 2015இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

இதையெல்லாம் பாலத்தருகே நின்று சொன்னேன். இளையவர்கள் பாதி கேட்டார்கள், பாதி படம் எடுத்தார்கள். அக்கா மட்டும் முழுதும் கேட்டார்.

அடுத்தது ஜகல்ச்சி மீன் சந்தை. போருக்குப் பின் குடும்பத்தைக் காப்பாற்ற வந்து உட்கார்ந்த பெண்கள் நிலைநிறுத்திய சந்தை. இன்றும் கூடையோடு உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. பாலத்துக்கும் சந்தைக்கும் நடுவே கருவாட்டுக் கடைகள். நெத்திலி மட்டும் அளவு அளவாகப் பெட்டிகளில் குவிந்து கிடக்கும். அக்கா ஒவ்வொன்றையும் கையிலெடுத்து, முகர்ந்து, நம்மூர் விலையோடு ஒப்பிட்டுக்கொண்டு நின்றார். நாங்கள் முன்னே நடந்தோம். சந்தை வாசலில் எண்ணினேன். பத்துப் பேர்.

நேயர்களே, அந்த நாற்பது நிமிடத்தை என்னால் விவரிக்க முடியாது. அவரிடம் கைப்பேசி இல்லை. மருமகன் கருவாட்டுக் கடைகளுக்கு ஓடினான், அங்கே இல்லை. ஒருவர் விடுதிக்குத் தொலைபேசியில் பேசினார். சின்னவள் அழத் தொடங்கினாள். அவரவர் மற்றவரைக் குறை சொன்னார்கள். பாட்டியோடு நடப்பது உன் பொறுப்பா, என் பொறுப்பா என்பதை நான் யாருக்கும் காலையில் பிரித்துக் கொடுக்கவில்லை.

வந்த வழியே திரும்பி நடந்தேன். பாலத்தின் தலைப்பில், ஒரு திண்டில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார் அக்கா.

"ஏன் அக்கா, நின்ன இடத்திலேயே நிக்கச் சொன்னேனே!" என்று கோபப்பட்டேன்.

"நீதானே தம்பி சொன்னே, காணாமப் போனவங்க இங்கதான் வந்து காத்திருப்பாங்கன்னு?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

நடந்தது இதுதான். நெத்திலியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு பிள்ளை "அப்பா!" என்று கத்தியிருக்கிறது. பேரன் தான் தன் தகப்பனைக் கூப்பிடுகிறான் என்று நினைத்து, குரல் வந்த பக்கம் போயிருக்கிறார். அது கொரியப் பிள்ளை. கொரிய மொழியிலும் தகப்பனை 'அப்பா' என்றும், தாயை 'ஓம்மா' என்றும் அழைக்கிறார்கள். நாளுக்கு 'நல்' என்பார்கள். இதைப் பிடித்துக்கொண்டு கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். மொழியறிஞர்கள் அதை ஏற்பதில்லை. அம்மா, அப்பா போன்ற மழலைச் சொற்கள் தொடர்பில்லாத பல மொழிகளிலும் ஒத்திருக்கின்றன. ஆனால் அந்நிய ஊர்ச் சந்தையில் அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பாத தமிழர் யார்?

அதன் பிறகு அவசரம் எங்களை விட்டுப் போய்விட்டது. தெருவோரக் கடையில் வெல்லப்பாகும் பருப்பு விதைகளும் வைத்த ஹோத்தோக் என்ற சூடான அப்பம் வாங்கித் தின்றோம். சோற்றுக்கடையில் 'கோகி பேகோ', அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொல்லி, காய்கறி கலந்த சோறு கேட்டோம். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் சூப்பைப் பற்றியும் கேட்டுக்கொள்வது நல்லது. எலும்புச் சாறு சேர்த்த சூப்பு அங்கே உண்டு.

மாலை நான்கு மணிக்குக் கம்சோன். மலைச்சரிவில் அகதிகள் கட்டிக்கொண்ட குடியிருப்பு. பின்வீட்டுக்காரரின் பார்வையை முன்வீடு மறைக்காதபடி படிப்படியாகக் கட்டியிருக்கிறார்கள். 2009 முதல் ஓவியங்களும் சிலைகளும் வைத்து, இன்று உலகமே வந்து படம் எடுக்கிறது. வண்ணமடித்த சின்னஞ்சிறு வீடுகளை அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம லயத்து வீடு மாதிரிதான். உள்ள ஆள் இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்றேன். அப்போது பேரன் ஒரு சன்னலுக்கு நேரே கைப்பேசியை நீட்டினான். அக்கா அதைத் தட்டிவிட்டார். "ஒரு வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கிறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? நம்ம வீட்ட யாராச்சும் இப்படிப் பார்த்தா உங்க தாத்தா சும்மா விட்டிருப்பாரா?" சத்தம் போடாதீர்கள், மக்கள் வாழும் இடம் என்று அங்கே எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

நான்காவது இடமாகக் குவாங்கான் பாலத்தின் இரவு விளக்குகளைப் பார்ப்பதாகத் திட்டம். அதை விட்டுவிட்டோம். ரயிலில் எல்லாரும் தூங்கி வழிந்தார்கள். 219இல் மாறும்போது சின்னவள்தான் எழுப்பினாள். விடுதி வாசலில் அவளே விரல் நீட்டி எண்ணினாள். பதினொன்று. அக்காவின் பையில் ஒரு பொட்டலம் நெத்திலி இருந்தது. எப்போது வாங்கினார் என்று இன்றுவரை சொல்லவில்லை.