அதிகாரியின் செல்போனில் நமது மனு

(கோவில்பட்டியில் இளைஞர்கள், வணிகர்களிடையே ஆற்றிய உரை)



கோட்டாட்சியர் அலுவலகத்திற்கோ நகராட்சிக்கோ மனு கொடுப்பதென்றால் முன்பு என்ன செய்தோம்? தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக் கொண்டோம். அந்த முத்திரைதான் நமக்குச் சாட்சி. இன்றோ, "என் மெயிலுக்கு அனுப்பிடுங்க பாய், செல்லுலேயே பார்த்துக்கிறேன்" என்கிறார் ஓர் அதிகாரி. நாமும் அவருடைய சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்து விடுகிறோம். திடீரென்று அவருக்கு மாறுதல் வருகிறது. மனுவும் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வந்தவர், "எங்கள் கோப்பில் அப்படி ஒன்றும் இல்லையே" என்கிறார். யாரிடம் போய் முறையிடுவது?

அவருக்குக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஜிமெயில் எந்த செல்போனிலும் சுலபமாகத் திறக்கும். அரசு மின்னஞ்சலுக்கோ கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு உண்டு. அதற்காகவே தேசிய தகவலியல் மையம் 'கவச்' என்ற செயலியைக் கொடுத்தது. 2022-ல் அதே பெயரில் போலிச் செயலிகளைப் பரப்பி அரசு ஊழியர்களுக்கு வலை விரித்தது ஓர் உளவுக் கும்பல். ஆகவே கட்டுப்பாடு தேவைதான். ஆனால் கட்டுப்பாடு தொல்லையானால் ஊழியர் குறுக்கு வழி தேடத்தானே செய்வார்?

1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், கணினியில் உருவானதையும் ஆவணம் என்கிறது. மத்திய அரசின் முன் அனுமதியின்றி அதை நாட்டுக்கு வெளியே கொண்டு போகக் கூடாது என்கிறது. அப்படியானால் அரசுக் கடிதங்கள் வெளிநாட்டுக் கம்பெனியின் கணினியில் இருக்கலாமா? 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இதைக் கேட்டவர் கே.என். கோவிந்தாச்சார்யா. அவர் எந்த முகாம் என்பது நமக்குத் தெரியும். கேட்ட கேள்வி நியாயமானது. வழக்கு நடக்கையிலேயே, 2015 பிப்ரவரியில், மத்திய அரசு மின்னஞ்சல் கொள்கையை அறிவித்தது. அரசுப் பணிக்கு அரசு முகவரிதான். அதைத் தனியார் அஞ்சலுக்குத் திருப்பி விடவும் கூடாது. மத்திய அரசின் அஞ்சல் சேவையைப் பயன்படுத்தும் மாநில ஊழியர்களையும் இது கட்டுப்படுத்தும்.

2023-ல் இந்த அஞ்சல் சேவையை நடத்தும் பொறுப்பு ஜோஹோவுக்குப் போனது. சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் அஞ்சல் இது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் நம் பக்கத்துக் கம்பெனிதான்! செல்போன் செயலி செய்வது அவர்களுக்குப் பழகிய தொழில். "செல்லில் திறக்காது" என்ற சாக்கு இனி எடுபடாது. நடத்துவது தனியாரானாலும் முகவரி அரசுடையதே. முடிவில் பார்த்தால் என்.ஐ.சி. அல்லது கவ் டாட் இன் என்றுதான் இருக்கும்.

ஆகவே அதிகாரியின் பெயரிலுள்ள முகவரிக்கு அனுப்பாதீர்கள். பதவியின் பெயரிலுள்ளதற்கு அனுப்புங்கள். ஆள் மாறினாலும் அது நாற்காலியோடு இருக்கும். மாவட்ட இணையதளங்களில் போட்டிருக்கிறார்கள். ஆனால் '@' குறி இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'அட்' என்றும், புள்ளிக்குப் பதில் 'டாட்' என்றும் இருக்கும். அப்படியே நகலெடுத்து அனுப்பினால் போய்ச் சேராது.

ஒன்று வணிகர்களுக்கு. ஜி.எஸ்.டி. சட்டம் 169-ஆம் பிரிவின்படி, பதிவின்போது கொடுத்த மின்னஞ்சலுக்கு நோட்டீஸ் அனுப்பினாலே அது சார்வு செய்ததாகும். மேல்முறையீட்டுக்கு 3 மாதம்தான். பலருடைய பதிவில் இருப்பது கணக்கரின் மின்னஞ்சல்! கடையை மாற்றிக் கொண்டு அவர் போய்விட்டிருப்பார். வீட்டுக்குப் போனதும் மகனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முகவரியை மாற்ற அந்தத் தளத்திலேயே வழி இருக்கிறது.