நோய்க்கு முந்திச் செல்லும் கல்வி



நமது இராஜபாளையத்துக்கு அருகில் சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி பல ஊர் ஆஸ்பத்திரிகளுக்குச் செல்கிறது. புண் உண்டான பின் கட்டுவதற்கு அத்துணி அவசியம். புண்ணே உண்டாகாமல் காப்பதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. அதுவே பொதுச் சுகாதாரம்.

1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தனிக் கல்லூரி ஸ்தாபிதமாயிற்று. அதற்குப் பொருளுதவி செய்த ராக்பெல்லர் அறநிலையத்தின் துணையோடு, 1932-இல் கல்கத்தாவில் அகில இந்திய பொதுச் சுகாதார நிலையமும் தோன்றியது.

அந்நிலையம் செய்த காரியங்களில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, 1939-இல் சிங்கூர் என்னும் கிராமப் பகுதியையே தன் பயிற்சிக்கூடமாக ஏற்றதுதான். நோயாளி வரட்டும் என்று காத்திராமல், கிணற்று நீர் சுத்தமானதா, கழிவு நீர் எங்கே தேங்குகிறது, கர்ப்பிணிக்குப் போஷாக்கு கிடைக்கிறதா, குழந்தைக்கு அம்மைப்பால் வைத்தாயிற்றா என்று வீடுதோறும் விசாரித்தறிவதே அங்கே பாடமாயிற்று. கவனியுங்கள்: வைத்தியசாலை நோயாளியைப் பார்க்கிறது, பொதுச் சுகாதாரக் கல்லூரி ஊரைப் பார்க்கிறது. ஆகையால் மருத்துவரோடு பொறியாளருக்கும் தாதிக்கும் அங்கே இடமுண்டு.

அதே 1939-இல் நமது சென்னை மாகாணம், இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. குடிநீர், வடிகால், தொற்றுநோய்த் தடுப்பு ஆகியவற்றை அது உள்ளூர் ஸ்தாபனங்களின் கடமையாக்கியது. இன்று நம் தெருவுக்கு வரும் சுகாதார ஆய்வாளர், தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து கொசுப்புழு உண்டா என்று பார்ப்பது அந்தப் பொதுச் சுகாதாரக் கல்வியின் காரியமே. அவரை உள்ளே அழைத்துத் தொட்டியைக் காட்டுங்கள்.