வெள்ளிக்காசில் விழுந்த வெட்டு

அவையில் கூடியிருக்கும் ஆய்வாளர்களுக்கும், வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் அரும்பாவூர், தழுதாழைச் சிற்பிகளுக்கும் வணக்கம்.

ரோமானிய நாணயக் கருத்தரங்கை மரச்சிற்பம் செய்யும் ஊரிலா வைப்பது என்று சிலர் கேட்டார்கள். கையில் ஏந்தியதைப் பார்த்தே இன்ன தெய்வம் என்று சொல்லிவிடும் கண் இங்கே இருக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

கொங்குப் பகுதிப் புதையல்களில் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டே வகை. முதலாவது அகஸ்டஸ் வெளியிட்டது. முன்பக்கம் இலைமாலை சூடிய தலை. பின்பக்கம் அவர் தத்தெடுத்த பேரர்கள் காயுஸ், லூசியுஸ்; இடையே கேடயங்கள், ஈட்டிகள்; மேலே படையல் மதுவை முகக்கும் அகப்பையும், புள் நிமித்தம் பார்க்கும் பூசாரியின் வளைகோலும். அடுத்த பட்டம் யாருக்கு என்ற அறிவிப்பு அது. லூசியுஸ் கி.பி. 2இலும் காயுஸ் கி.பி. 4இலும் இறந்தார்கள். பட்டம் கட்டப்படவே இல்லை. காசு மட்டும் கடல் கடந்து வந்து செல்லுபடியாயிற்று.

இரண்டாவது திபேரியஸ் காசு. நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண், ஒரு கையில் கோல், மறு கையில் கிளை. அரசனின் தாய் லிவியா என்பர் சிலர், அமைதித் தெய்வம் என்பர் சிலர். தாயைத் தெய்வச் சாயலில் காட்டியிருக்கிறார்கள் என்பது என் கருத்து. கோயில் சிற்பம் பார்த்துப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை.

இலங்கை மன்னன் ஒருவன் ரோமக் காசுகளைப் பார்த்து, உருவங்கள் வேறுவேறாக இருந்தும் எடை ஒன்றாக இருக்கிறதே என்று வியந்ததாக ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். ஆக, உருவத்தையும் இங்குள்ளவர்கள் கவனித்தார்கள். கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த, சேர மன்னன் மாக்கோதையின் வெள்ளிக்காசில் ரோம பாணியில் ஒரு தலை இருக்கிறது. அதன்மேல் தமிழ் பிராமி எழுத்து.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்தியாவில் கிடைத்த ரோமக் காசுகள் பலவற்றில் அரசனின் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு இருக்கிறது. தெலங்கானாவின் அக்கன்பள்ளி வெள்ளிக்காசுகளில் உண்டு. புதுக்கோட்டை அருகே 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் உண்டு. உள்ளே செம்பா என்று சோதித்த வெட்டு என்பது ஒரு விளக்கம். சோதனைக்கு விளிம்பைச் சீவினால் போதாதா? முகத்தையே ஏன் குறி வைக்க வேண்டும்? அந்நிய அரசனின் அதிகாரத்தை நீக்கி, காசை வெறும் உலோகமாக்கிய செயல் என்ற விளக்கமே எனக்குப் பொருந்துகிறது. ஆனாலும் வழக்கு முடியவில்லை.

நம் பட்டியல்கள் பெரும்பாலும் எடையையும் எண்ணிக்கையையும் எழுதுகின்றன. வெட்டைப் பற்றி 'சிதைவு' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகின்றன. உளி எந்தப் பக்கமிருந்து இறங்கியது, ஓர் அடியா இரண்டடியா என்பதை வாகையிலும் வேம்பிலும் வேலை செய்யும் கைகள் நம்மைவிட நன்றாகச் சொல்லும். இன்று பிற்பகல் அமர்வில் காசுகளின் பெரிதாக்கிய படங்கள் வைக்கப்படும். சிற்பிகள் முதலில் பார்த்துப் பேசட்டும். ஆய்வாளர்கள் அதன்பின் பேசலாம்.