கேட்கவும் பேசவும் துணை நிற்கும் கல்வி

(பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஃபிர்அவ்னிடம் செல்லப் பணிக்கப்பட்ட நபி மூஸா (அலை) அவர்கள், தம் நாவின் முடிச்சு அவிழ வேண்டும் என்றும், நாவன்மை மிக்க தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்கள் துணையாக வர வேண்டும் என்றும் இறைவனிடம் வேண்டினார்கள். பேச்சுக்குத் துணை தேடுவது இழிவன்று. அத்துணையையே தொழிலாகக் கொண்ட ஒரு கல்வியைப் பற்றி இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

குழந்தைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லையென்றால், "இவன் வாப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று ஆறுதல் கூறிக் காலத்தைக் கடத்துகிறோம். மருத்துவ உலகமோ, பிறந்த ஒரு மாதத்திற்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதி செய்தல், ஆறு மாதத்திற்குள் சிகிச்சையைத் தொடங்குதல் என்று வரையறுத்துள்ளது. மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் காலம் முதல் சில ஆண்டுகளே. அதனை இழந்த பிள்ளை, பின்னர் கருவி பொருத்தினாலும் பேச்சைக் கற்க மிகவும் இடர்ப்படும். நெருங்கிய உறவுக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் பிறவிக் காதுகேளாமைக்கான வாய்ப்புக் கூடுதல் என்பதால், நமக்கு இக்கவனம் இன்னும் தேவை.

இப்பணியைச் செய்வோர் ஆடியாலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட் எனப்படுவர். செவித்திறனை அளந்து, காது கேட்கும் கருவியைப் பொருத்துவது முன்னவர் பணி. திக்கிப் பேசுவோர், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், பக்கவாதத்தால் பேச்சையும் விழுங்கும் திறனையும் இழந்த முதியோர் ஆகியோருக்குப் பயிற்சியளிப்பது பின்னவர் பணி. காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சை முடிந்த பின்னரும், பேச்சுப் பயிற்சியின்றி அதன் பலன் கிட்டாது.

வேலைவாய்ப்பு எவ்வாறு? 2050ஆம் ஆண்டளவில் உலகில் ஏறத்தாழ 250 கோடிப் பேருக்கு ஏதேனும் ஓரளவு செவித்திறன் குறைபாடு இருக்கும் என உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணித்தது. காது மூக்குத் தொண்டை மருத்துவமனைகள், சிறப்புப் பள்ளிகள், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள், செவிக்கருவி நிறுவனங்கள், சொந்த மையம் எனப் பல வாயில்கள் உள்ளன.

படிப்பின் பெயர் பி.ஏ.எஸ்.எல்.பி.; செயல்முறைப் பயிற்சி ஓராண்டு உட்பட நான்காண்டுகள். பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் பயின்றிருத்தல் வேண்டும். அதன்பின் எம்.எஸ்சி. நிலையில் இரண்டாண்டுகள். 1965இல் தொடங்கப்பட்ட மைசூர் அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இத்துறையில் முதன்மையானது. மும்பையில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும், சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவும் இக்கல்வியை வழங்குகின்றன.

ஓர் எச்சரிக்கை. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரே இப்பணியைச் செய்ய இயலும். எனவே, கட்டணம் செலுத்துமுன் கல்லூரிக்கு அக்கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என உறுதி செய்துகொள்ளுங்கள். தொடக்க ஊதியம் மருத்துவருக்கு நிகராக இராது. மேற்படிப்பும் அனுபவமும் சேரும்போதே உயரும். வளைகுடா நாடுகளில் பணிபுரிய அந்நாட்டு உரிமமும் பெற வேண்டும்.

சகோதரர்களே! மருத்துவ இடம் கிட்டவில்லை என்று மனமுடையும் பிள்ளைகளுக்கு இவ்வழியைக் காட்டுங்கள். குறிப்பாகப் பெண்மக்களை அனுப்புங்கள். குழந்தையை அழைத்து வரும் தாய்மார் தயக்கமின்றி மனம் திறந்து பேச அது உதவும். இப்படிப்பில் சேரும் ஏழை மாணவருக்குப் பைத்துல்மாலிலிருந்து கட்டண உதவி வழங்குவதைப் பரிசீலிக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். இன்று ஒருவரைப் படிக்க வைத்தால், நாளை நம் ஊர்க் குழந்தை ஒன்று உரிய வயதில் "உம்மா" என்றழைக்கும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன்.